துச்சாதனனுக்கு மாலை!

கூத்தில் துச்சாதனன் வேஷம் கட்டுகிறவனை யாரும் குறை சொல்வதில்லை. ராயப்பன்பட்டி போன்ற வேதக்கோயில் ஊர்க்காரர்களுக்குப் பாஸ்கா நாடகம் புதிதல்ல. அதில் சாட்டை வீசும் ரோமச் சிப்பாயும் நம்மோடு வயலிலும் மில்லிலும் பாடுபடுகிறவன்தான். ஆனால் பாஞ்சாலியின் அழுகையை வெட்டி எறிந்துவிட்டு, துச்சாதனனை மட்டும் மாவீரனாக ஆடவிட்டால் ஊர் பொறுக்குமா?

அமெரிக்காவில் அந்தக் கூத்துதான் நடக்கிறது, தோழர்களே! ஹிட்லர் பட்டாளத்தின் உடுப்பை மாட்டிக்கொண்டு, வெற்றுத் தோட்டா சுட்டு, பழைய யுத்தத்தை மறுபடி நடத்துகிறார்கள். பொழுதுபோக்காம்!

1961 ஜூலையில், தங்கள் உள்நாட்டு யுத்தத்தின் நூற்றாண்டென்று மனாசஸ் சண்டையை ஆயிரக்கணக்கானோர் நடித்துக் காட்டினார்கள். 1970-களில் அந்த மோகம் இரண்டாம் உலக யுத்தத்துக்குத் தாவியது. எதிரி இல்லாமல் சண்டை ஏது, யாராவது ஜெர்மானியனாக நிற்க வேண்டாமா என்று கேட்கிறார்கள். நிற்கட்டும். வேஷம் போட்ட எல்லோரும் நாஜிகள் என்று நாம் சொல்லவில்லை. நாம் கேட்பது வேறு: அந்த உடுப்பின் ரத்தக் கறையை வெளுத்தது யார்?

அமெரிக்க ராணுவமேதான்! பிரான்ஸ் ஹால்டர் 1938 முதல் 1942 வரை ஹிட்லரின் தரைப்படைத் தலைமை அதிகாரி. சோவியத் நாட்டின்மீது பாய்ந்த திட்டம் உருவானது அவர் மேஜையில். பிடிபட்ட அரசியல் கமிஸார்களைச் சுட்டுக் கொல்லும் உத்தரவிலும் அவருக்குப் பங்குண்டு. இவரைத் தூக்கில் போட்டார்களா? யுத்தம் முடிந்ததும் அமெரிக்க ராணுவத்தின் வரலாற்றுப் பிரிவு இவரையும், நூற்றுக்கணக்கான ஜெர்மன் அதிகாரிகளையும் உட்காரவைத்து யுத்த சரித்திரம் எழுதச் சொன்னது. செஞ்சேனையோடு மோதிய அனுபவம் அமெரிக்காவுக்குத் தேவைப்பட்டது. கொலைகாரர்களுக்கோ புதுச் சட்டை தேவைப்பட்டது. குற்றமெல்லாம் ஹிட்லருடையது, பட்டாளம் சுத்தம் என்று எழுதித் தள்ளினார்கள். 1961-ல், மனாசஸ் கூத்து நடந்த அதே வருஷம், ஹால்டருக்கு அமெரிக்க சர்க்கார் விருதும் கொடுத்தது! மான்ஸ்டைன், குடேரியன் போன்ற ஜெனரல்களின் நினைவு நூல்களும் இங்கிலீஷில் வந்து விற்றன. வேஷக்காரர்களுக்குப் பாடப்புத்தகம் தயார்.

அந்தப் புத்தகங்களில் யாருக்கு இடமில்லை? சுமார் 2 கோடியே 70 லட்சம் சோவியத் மக்கள் மாண்டார்கள். ஜெர்மானியர் கையில் பட்டினியாலும் குண்டாலும் செத்த செஞ்சேனைக் கைதிகள் மட்டும் சுமார் 30 லட்சம். கொல்லப்பட்ட யூதர்கள் 60 லட்சம். 1944-ல் இத்தாலியின் காசினோ மலையில் இதே ஜெர்மன் பட்டாளத்தோடு மோதி மடிந்தவர்களில் நம் நாட்டுச் சிப்பாய்களும் உண்டு.

2010-ல் ரிச் அயாட் என்ற குடியரசுக் கட்சி வேட்பாளர், ‘வைகிங்’ எஸ்.எஸ். படை உடுப்பில் நிற்கும் படம் வெளிவந்தது. எஸ்.எஸ். ஒரு குற்றவாளி அமைப்பு என்று 1946-லேயே நியூரம்பெர்க் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. 1941 கோடையில் உக்ரேனில் யூதர்களைக் கொன்றதில் வைகிங் படையினருக்குப் பங்குண்டு. அயாட் சொன்ன சமாதானம் என்ன? மகனோடு சேர்ந்து செய்த பொழுதுபோக்காம்! உக்ரேனில் சுடப்பட்டவர்களுக்கும் மகன்கள் இருந்தார்களே, அவர்கள் வேஷத்தை எந்த மகனுக்குக் கட்டினார்?

கண்ணாடி ஆலையும் மோட்டார் ஆலையும் உள்ள டொலீடோ நகரம் அந்தத் தொகுதியில்தான் இருக்கிறது. நவம்பரில் ஓட்டுப் போட்டவர்கள் அவரைத் தோற்கடித்தார்கள்.