கதை குழறினால் முதலில் என்ன கேட்கிறோம்?

ஒருத்தரின்ர கதை திடீரென்று குழறினால் எங்கட ஊர்ப்பக்கம் முதல் வாற கேள்வி, "என்ன, வெறியோ?" அடுத்தது, "எங்கேயும் பயந்திட்டாரோ?" நூல் கட்டி, விடியட்டும் பாப்பம் என்று படுக்க வைத்துவிடுகிறோம். மூளைக்குள் குருதி கசிகிறவருக்கு விடியும்வரை நேரம் இருக்காது.

சாதாரண தரத்தில் படித்ததை நினைத்துப் பாருங்கோ. நாடியில் வாற குருதி மயிர்க்குழாய்களுக்குள்ளால போய்த்தான் நாளத்துக்குச் சேரும். அங்கேதான் அதன் வேகம் தணியும். சிலருக்கு மூளையில் ஓரிடத்தில் அந்த மயிர்க்குழாய்கள் இல்லாமல், நாடியும் நாளமும் நூற்பந்து மாதிரிச் சிக்குப்பட்டு நேரே இணைந்திருக்கும். அமுக்கம் தாங்காமல் ஒருநாள் வெடிக்கலாம். வேறு சிலருக்கு நாடிச் சுவர் பலூன் போல வீங்கி வெடிக்கும். பெரும்பாலானோருக்குப் பேச்சைப் பார்த்துக்கொள்வது மூளையின் இடப்பக்கம். அங்கே கசிந்தால் சொல் வராது, அல்லது வேறு சொல் வரும்.

இது வயதுபோன ஆக்களின் வருத்தம் மட்டும் இல்லை. 'கேம் ஒஃப் த்ரோன்ஸ்' நடிகை எமிலியா கிளார்க்குக்கு 2011இல் நாடி வீக்கம் வெடித்தபோது வயது 24. சிகிச்சைக்குப் பிறகு தன் பெயரையே சொல்ல முடியவில்லை. அர்த்தமில்லாத சொற்கள்தான் வாயில் வந்தன. தான் உளறுவது தெரிந்தே பயந்துபோனார். ஒரு கிழமையளவில் பேச்சுத் திரும்பியது. 2019இல் அவரே இதை எழுதினார்.

எல்லாருக்கும் அவ்வளவு கெதியாகத் திரும்பாது. அப்போதுதான் நாங்கள் இரண்டாவது பிழை விடுகிறோம். பார்க்க வந்த ஆக்கள் அவருக்கு முன்னாலேயே, "இவருக்கு விளங்குமோ?" என்று மகளிடம் கேட்கினம். காணி அலுவலோ கலியாணப் பேச்சோ, அவரின் விருப்பத்தை ஒருத்தரும் கேட்பதில்லை. சிலருக்கு விளங்குவதும் குறையும், உண்மைதான். ஆனால் பலருக்கு எல்லாம் விளங்கும். சொல்தான் அகப்படாது.

பேச்சு மாறினவரைச் சனம் எப்படி நடத்தும் என்பதற்கு ஒஸ்லோவில் ஒரு பழைய உதாரணம் இருக்கு. 1941இல் விமானக் குண்டுவீச்சில் தலையில் குண்டுச்சிதறல் பட்ட ஒரு நோர்வே பெண்ணுக்கு, பேச்சுப் போய்த் திரும்பியபோது உச்சரிப்பு ஜெர்மன்காரருடையது போல இருந்தது. அப்போது நோர்வே ஜெர்மனியின் பிடியில். கடைகளில் அவருக்குச் சாமான் கொடுக்க மறுத்தார்கள். வைத்தியர் மொன்ராட்-க்ரோன் 1947இல் இதைப் பதிவு செய்தார். மூளைக் குருதிக் கசிவுக்குப் பிறகும் உச்சரிப்பு இப்படி மாறலாம். உச்சரிப்பை வைத்து ஆளை மட்டுக்கட்டினால் என்ன நடக்கும் என்று வன்னிச் சனத்துக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே கதை குழறினால், வாய் கோணினால், பொறுக்க ஏலாத தலையிடி திடீரென்று வந்தால், உடனே 1990க்கு எடுங்கோ. அம்புலன்ஸ் இலவசம். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்து வையுங்கோ, வைத்தியர் அதைத்தான் கேட்பார்.

வீட்டுக்கு வந்த பிறகு, அவர் சொல்லைத் தேடும்போது முந்திக்கொண்டு சொல்லாதேங்கோ. 'ஓம், இல்லை' என்று தலையாட்டக்கூடிய கேள்வியாகக் கேளுங்கோ. படம் காட்டுங்கோ. கதைக்க முடியாத சிலர் தேவாரத்தைப் பாடுவினம், ஒன்று இரண்டு எண்ணுவினம். அதிலிருந்தும் தொடங்கலாம்.

பேச்சுச் சிகிச்சை அவரவர் பேசுகிற தமிழில் நடக்கவேண்டும். 'மண்வெட்டி', 'கத்தரிக்காய்', 'பெட்டை' என்று வாழ்ந்தவரிடம் மொழிபெயர்த்த பட்டியலை நீட்டிப் பயனில்லை. களனிப் பல்கலைக்கழகத்தின் ராகமை மருத்துவ பீடத்தில் பேச்சு, கேட்டல் விஞ்ஞானத்துக்குப் பட்டப்படிப்பு இருக்கு. உயர்தரத்தில் உயிரியல் படிக்கிற தம்பி தங்கச்சிமார், இசட் புள்ளி வந்ததும் மருத்துவத்தோட அந்த வரியையும் ஒருக்கா பாருங்கோ. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் உங்களுக்கு வேலை இருக்கு.