விமானிக்கு 48 மணி நேர ஓய்வு விதி, ஐசியு நர்ஸுக்கு? தூக்கமில்லா டூட்டியால் யாருக்கு ஆபத்து?

அதிகாலை 4 மணி. ஐசியுவில் வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளிக்கு, ரத்த அழுத்தம் விழாமல் இருக்க பம்ப் வழியாக மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. அந்த பம்பில் ஒரு புள்ளி இடம் மாறினால் போதும், மருந்தின் அளவு 10 மடங்காகிவிடும். எண்ணைத் தட்டுபவர், முந்தைய நாள் இரவு டூட்டிக்கு வந்த நர்ஸ். உடல் தூக்கத்துக்கு அதிகம் ஏங்குவதும் இதே நேரத்தில்தான்.

ஐசியு டூட்டி ஏன் வேற மாதிரி?

சாதாரண வார்டில் நள்ளிரவுக்குப் பிறகு வேலை கொஞ்சம் குறையும். ஐசியுவில் அப்படி இல்லை. மணிக்கு மணி நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், சிறுநீர் அளவைக் குறிக்க வேண்டும். சளியை உறிஞ்சி எடுக்க வேண்டும். படுக்கைப்புண் வராமல் நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். நடுவில் மானிட்டர் அலாரம் வேறு. பல அலாரங்கள் ஆபத்தில்லாதவைதான். ஆனா, எது நிஜம்னு போய்ப் பார்க்காமல் விட முடியாது.

பகல்ல தூங்கிக்கலாமே?

இதுதான் பலரும் கேட்கும் கேள்வி. டூட்டி முடிந்து வெளியே வந்ததும் முகத்தில் அடிக்கும் வெயில், 'விடிஞ்சிருச்சு, முழிச்சுக்கோ' என்று மூளைக்குச் சொல்லிவிடும். தூக்கத்தைத் தூண்டும் மெலட்டோனின் சுரப்பும் குறைந்துவிடும். அதனால் பகல் தூக்கம் சீக்கிரமே கலைந்துவிடுகிறது. வீட்டு வேலை, குழந்தைகள் என்று அதிலும் பாதி போய்விடும். உடல் இரவு டூட்டிக்குப் பழகுவதற்குள் ஷிப்ட் மாறிவிடும்.

எவ்வளவு ஆபத்து?

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05% ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்குக் குறைவதாக 1997-ல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு காட்டியது. இந்தியாவில் வாகனம் ஓட்ட அனுமதிக்கப்படும் வரம்பே 0.03% தான். காலை 6 மணிக்கு எழுந்து, பகலில் தூங்காமல் டூட்டிக்கு வரும் நர்ஸ் இரவு 11 மணிக்கே அந்த 17 மணி நேரத்தைத் தொட்டுவிடுவார். விடிய இன்னும் பல மணி நேரம் இருக்கும்.

நர்ஸின் உடல்நலமும் பாதிக்கப்படுகிறது. இரவுப் பணியை, 'புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ளது' என்ற பட்டியலில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-ல் சேர்த்தது. 2019-ல் அதை மீண்டும் உறுதி செய்தது.

விதிகள் என்ன சொல்கின்றன?

விமானிகளின் வாராந்திர ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர்த்தியது டிஜிசிஏ. அந்தப் புதிய ஓய்வு விதிகளுக்கு ஏற்பத் திட்டமிடாததால் 2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் ரத்தாகி, நாடே அதைப் பேசியது.

செவிலியர்களுக்கு இரண்டு ஷிப்டுகளுக்கு நடுவே குறைந்தது 12 மணி நேர ஓய்வு வேண்டும் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1977-லேயே சொல்லிவிட்டது. ஆனால் அது வெறும் பரிந்துரைதான். வர வேண்டியவர் வரலைன்னா, இருப்பவரே அடுத்த ஷிப்டையும் சேர்த்துப் பார்க்கும் இடத்தில் இந்த 12 மணி நேரம் காணாமல் போகிறது.

அப்போ என்னதான் தீர்வு?

யோகா வகுப்பும் 'போனை ஓரமா வைங்க' என்ற அறிவுரையும் மட்டும் போதாது. டூட்டி பட்டியல் மாற வேண்டும். தொடர்ச்சியான நைட் டூட்டிகளைக் குறைப்பது, பட்டியலை முன்கூட்டியே தருவது, இரவில் முறை வைத்து 20-30 நிமிடம் கண்ணயர விடுவது ஆகியவை முதல் படிகள். ஆனால் ஒருவர் கண்ணயரும்போது அவருடைய நோயாளியைப் பார்க்க இன்னொருவர் வேண்டும். காலியிடங்களை நிரப்பாமல் இதில் எதுவுமே நடக்காது.