செயலிக்கும் வேண்டும் ஒரு பூட்டு

வாசற்கதவைப் பூட்டியாயிற்று என்பதற்காக, நகையும் வீட்டுப் பத்திரமும் உள்ள அலமாரியை யாரும் திறந்து போடுவதில்லை. அலமாரிக்கென்று தனிச் சாவி உண்டு. ஆனால், அலமாரியைவிட மதிப்புமிக்கவற்றைச் சுமக்கும் திறன்பேசிக்கு மட்டும் பலர் ஒரே பூட்டைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கின்றனர். சிலர் அந்த ஒரு பூட்டையும் போடுவதில்லை. இந்த அலட்சியப் போக்கு மாற வேண்டும். பணம், அடையாளம், தனிப்பட்ட உரையாடல் ஆகியவற்றைத் தாங்கிய ஒவ்வொரு செயலிக்கும் தனிப் பூட்டு அவசியமாகும்.

கோல சிலாங்கூர் மாவட்டத்திலுள்ள புஞ்சாக் ஆலாம் ஒரு காலத்தில் தோட்டங்கள் சூழ்ந்த பகுதியாக விளங்கியது. இன்று அங்கு வீடமைப்புப் பகுதிகளும் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகமும் எழுந்துள்ளன. சம்பள நாளன்று ரொக்கமாகப் பெற்ற பணத்தை முந்தானையில் முடிந்தும் தகரப் பெட்டியில் பூட்டியும் காத்தது தோட்டத்துத் தலைமுறை. அவர்களின் பேரப்பிள்ளைகளோ இரவுச் சந்தையில் கியூஆர் குறியீட்டை வருடிப் பணம் செலுத்துகின்றனர். 2023ஆம் ஆண்டு டிசம்பரில் அரசாங்கம் வழங்கிய 100 ரிங்கிட் இமடானி உதவித்தொகையும் மின்பணப்பை வழியாகவே மக்களைச் சென்றடைந்தது. பணம் பெட்டியிலிருந்து திறன்பேசிக்கு இடம் மாறிவிட்டது. ஆனால், பெட்டியைக் காத்த கவனம் இன்னும் திறன்பேசிக்கு வந்து சேரவில்லை.

திறன்பேசி ஒருவர் கையிலேயே இருப்பதில்லை என்பதே இதிலுள்ள முதல் சிக்கலாகும். அழும் தம்பிக்கு விளையாட்டைத் திறந்து கொடுக்கிறோம். அவசரமாகப் பேச வேண்டும் என்று கேட்கும் நண்பனிடம் நீட்டுகிறோம். திரை உடைந்தால், கடவெண்ணையும் சொல்லிப் பழுதுபார்க்கும் கடையில் விட்டு வருகிறோம். இவ்வேளைகளில் திரைப்பூட்டு ஏற்கெனவே திறந்துதான் இருக்கும். அதன்பின், வங்கிச் செயலிக்கும் அந்நியர் விரலுக்கும் இடையே நிற்பது அச்செயலியின் தனிப் பூட்டு மட்டுமே.

இரண்டாவது சிக்கல், ஒருமுறைக் கடவெண்ணும் அதே திறன்பேசிக்கே குறுஞ்செய்தியாக வந்து சேர்வதாகும். திறன்பேசியைக் கையில் வைத்திருப்பவர் அதை எளிதில் படித்துவிடலாம். 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் பேங்க் நெகாரா மலேசியா, குறுஞ்செய்தி வழிக் கடவெண்ணைக் கைவிட்டு, மேலும் பாதுகாப்பான முறைக்கு மாறும்படி வங்கிகளைப் பணித்தது. வங்கிகள் விழித்துக்கொண்டாலும் பயனீட்டாளர் உறங்கினால் பயனில்லை. பூட்டிய திரையில் குறுஞ்செய்தியின் உள்ளடக்கம் தெரியாதவாறு அமைத்துக்கொள்வது அவர் கையில்தான் உள்ளது.

செயலியைப் பூட்டுவது கடினமான வேலையன்று. வாட்சாப் எனும் புலனம் 2019ஆம் ஆண்டிலேயே விரல்ரேகைப் பூட்டை அறிமுகப்படுத்தியது. 2023ஆம் ஆண்டில், குறிப்பிட்ட ஓர் உரையாடலை மட்டும் பூட்டும் வசதியும் வந்தது. 2024ஆம் ஆண்டு வெளிவந்த ஐஓஎஸ் 18 இயங்குதளத்தில் செயலிகளைத் தனித்தனியே பூட்டலாம். ஆண்டிராய்டு திறன்பேசிகள் பலவற்றின் அமைப்புப் பகுதியிலும் இத்தகைய வசதி உண்டு. எனினும், திரைப்பூட்டுக்கும் செயலிப் பூட்டுக்கும் ஒரே எண்ணை வைப்பது, இரண்டு கதவுகளுக்கு ஒரே சாவியைச் செய்வதற்கு ஒப்பாகும். பிறந்த நாளையோ அடையாள அட்டை எண்ணின் பகுதியையோ கடவெண்ணாக வைப்பதும் தவறு.

பூட்டின் பெயரால் வரும் ஆபத்தையும் மறந்துவிடக்கூடாது. முன்பின் தெரியாத இணைப்புகளிலிருந்து பதிவிறக்கப்படும் ‘பூட்டுச் செயலி’, திறன்பேசி முழுவதையும் பார்க்க அனுமதி கேட்கலாம். அதற்கு இசைவது, காவலுக்குத் திருடனை அமர்த்துவதாகிவிடும். எனவே, திறன்பேசியிலும் செயலியிலும் உள்ளமைந்த பூட்டைப் பயன்படுத்துவதே அறிவுடைமை.

“பிள்ளை எதை மறைக்கிறான்?” என்று பெற்றோர் ஐயுறுவர் எனச் சிலர் வாதிடலாம். அந்த ஐயம் நியாயமானதே. ஆனால், மறைப்பது வேறு; காப்பது வேறு. எந்தெந்தச் செயலியைப் பூட்டியிருக்கிறோம், ஏன் பூட்டியிருக்கிறோம் என்பதைப் பெற்றோரிடம் கூறிவிட்டால் ஐயத்திற்கு இடமில்லை. அதேபோல், கடவெண்ணைக் கேட்டுப் பெறுவதுதான் நட்பின் அடையாளம் என்று நண்பர்கள் எண்ணுவதும் பொருந்தாது. பிறர் கணினித் தரவுக்குள் அனுமதியின்றி நுழைவதை 1997ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக வகுத்துள்ளது.

பல வீடுகளில் பாட்டியின் திறன்பேசிக்குக் கடவெண் இட்டவர் பேரப்பிள்ளையாகவே இருப்பார். அந்த எண் பேரப்பிள்ளைக்குத் தெரியும், பாட்டிக்குத் தெரியாது. இந்நிலையை மாற்றும் பொறுப்பு மாணவர்களுடையது. பாட்டி தாமே ஓர் எண்ணைத் தேர்ந்து, தாமே பூட்டித் திறக்கப் பழகும்வரை பொறுமையுடன் கற்றுத்தர வேண்டும். பணம் பறிபோனால் உடனே 997 என்ற எண்ணில் தேசிய மோசடி எதிர்வினை மையத்தை அழைக்கவும் சொல்லித்தர வேண்டும்.

வெள்ளம் வருமுன் அணை போடுவதே விவேகம். தகரப் பெட்டியின் சாவியை இடுப்பிலேயே செருகி வைத்திருந்தவரின் விழிப்புணர்வு, திறன்பேசி ஏந்திய கைக்கும் வர வேண்டும்.