இரவெல்லாம் படித்தும் புள்ளி இல்லையா?

“இரவு முழுவதும் கண்விழித்துப் படித்தான், அப்படியிருந்தும் புள்ளி வரவில்லையே!” என்று பெற்றோர் வருந்துவதை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். இதே முறைப்பாடு 2022ஆம் ஆண்டில் நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் எழுந்தது. 84 வயதான ஒரு பேராசிரியரின் பதவியே அதனோடு போயிற்று.

மெயிட்லண்ட் ஜோன்ஸ் என்பது அவர் பெயர். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 43 ஆண்டுகள் கற்பித்து, 2007இல் ஓய்வுபெற்றார். அதன்பின் நியூயோர்க்கில் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஒப்பந்தத்தின்பேரில் சேதன இரசாயனம் கற்பித்து வந்தார். அப்பாடத்துக்கு அவர் எழுதிய நூல் ஐந்து பதிப்புகள் கண்டது. அமெரிக்காவில் வைத்தியக் கல்வியை நாடும் மாணாக்கர் பெரும்பாலும் இப்பாடத்தைக் கடந்தே செல்லவேண்டும். ஆகையால் அங்கே இதற்கு அஞ்சாதார் குறைவு.

அச்சத்துக்குக் காரணம் உண்டு. தாக்கங்கள் நூற்றுக்கணக்கானவை. அத்தனையையும் மனனம் செய்யப் புகுந்தவனுக்கு இது கரைகாணாக் கடல். ஆனால் உள்ளே ஓடும் நியாயங்கள் சிலவே. காபனும் ஒட்சிசனும் இரட்டைப் பிணைப்பால் இணைந்திருக்கையில், ஒட்சிசன் இலத்திரன்களைத் தன்பால் இழுத்துக்கொள்கிறது. காபன் சிறிதளவு நேரேற்றம் அடைகிறது. இலத்திரன் செறிந்த வேறொரு பொருள் வந்தால், அது அந்தக் காபனையே நாடும். இவ்வொன்றை உணர்ந்தவன் பல தாக்கங்களின் போக்கைத் தானே ஊகித்துவிடுவான். உணராமல் நெட்டுருச் செய்தவனோ, வினா சற்றே மாறியதும் திகைத்து நிற்பான். எனவேதான் ஜோன்ஸ் மனனத்தைக் குறைத்து, பிரசினங்களை மாணாக்கரே ஆராய்ந்து விடை காணும் முறையைப் புகுத்தினார்.

பெருந்தொற்றுக் காலத்தின்பின் நிலைமை சீர்கெட்டது. ஒற்றை இலக்கப் புள்ளிகளும் பூச்சியங்களும் வரக் கண்டதாக அவர் கூறினார். முன்னதாக, வகுப்புக்கு வர இயலாதவர்களுக்காக அவரும் வேறிரு பேராசிரியர்களும் 52 விரிவுரைகளைப் படமாக்கியிருந்தனர். அதற்கென 5000 டொலருக்கு மேல் தம் கைப்பணத்தையே அவர் செலவிட்டார். எனினும் 350 மாணாக்கரில் 82 பேர் ஒரு விண்ணப்பத்தில் கையொப்பமிட்டனர். தாம் செலவிட்ட நேரமும் முயற்சியும் புள்ளிகளில் தெரியவில்லை என்பது அவர்களின் முக்கிய குறை.

இக்குறையை நாம் எள்ளி நகையாடோம். பதினெட்டு, பத்தொன்பது வயதில் எதிர்காலமே ஒரு பாடத்தில் தொங்குகிறதென்றால் மனம் பதறாதா? ஆசிரியரின் பேச்சில் ஏளனம் இருந்ததென்றும் அவர்கள் எழுதினர். மாணாக்கர் மதிப்பீட்டில் அவர் மிகத் தாழ்ந்திருந்தார் என்று பல்கலைக்கழகமும் கூறியது. ஏளனம் இருந்திருப்பின் அது திருத்தத்தக்க குறையே. ஆயினும் உழைத்த மணிகளை எண்ணிப் புள்ளியிடுவது எங்ஙனம்? மனனத்தில் கழிந்த பத்து மணியைவிட, ஒரு பிரசினத்தோடு மல்லாடிய ஒரு மணி பெரிதன்றோ? இந்த வேறுபாட்டைப் பள்ளிப் பருவத்திலேயே எவரும் அவர்களுக்கு உணர்த்தவில்லை போலும்.

புதிய தவணை தொடங்குமுன் ஜோன்ஸ் நீக்கப்பட்டார். விண்ணப்பமோ அவரை நீக்கும்படி கேட்கவேயில்லை. செய்தி கேட்டு மாணாக்கர் சிலரே வியப்புற்றனர். வேலையைத் திரும்பப் பெறுவது தம் நோக்கமன்று என்றார் அவர். இது இன்னொருவருக்கு நேராதிருந்தால் போதும் என்பதே அவர் கேட்டது.