பேனரில் இல்லாத சம்பளம்

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் வராததுமாக சேலம், நாமக்கல், ஈரோடு பக்கத்துப் பேருந்து நிலையங்களைச் சுற்றிப் பொறியியல் கல்லூரிகளின் பேனர்கள் முளைத்துவிடும். கோட் போட்ட ஒரு மாணவரின் படம், கீழே ‘18 லட்சம்’ என்று கொட்டை எழுத்து. அந்த எண் பெரும்பாலும் பொய்யல்ல. அந்தச் சம்பளத்துக்கு ஒருவர் போயிருப்பார். அவரோடு படித்த மற்றவர்கள் எவ்வளவுக்குப் போனார்கள் என்பதைத்தான் பேனர் சொல்லாது.

தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் வேலைவாய்ப்பு அலுவலராக இருக்கிறேன்; பிள்ளைகள் வாயில் ‘பிளேஸ்மென்ட் சார்’. பேனருக்கு எண் போவது என் மேஜையிலிருந்துதான். மற்றவர்களின் ஆஃபர் லெட்டர்களும் அதே மேஜையில்தான் இருக்கின்றன. அந்தக் கோப்பில் உள்ளதும் கல்லூரியில் சேரும் முன்பே பெற்றோருக்குத் தெரிய வேண்டும் என்பது என் கட்சி.

மென்பொருள் சேவை நிறுவனங்கள் தரும் வழக்கமான ஆஃபர் லெட்டர் ஒன்றைப் பார்ப்போம். முதல் பக்கத்தில் ஆண்டுக்கு 3,36,000 ரூபாய் என்றிருக்கும். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 28,000. எல்லா வீட்டிலும் முதலில் போடும் கணக்கு இதுதான். கடைசிப் பக்கத்து அட்டவணையை யாரும் புரட்டுவதில்லை. விஷயம் அங்கேதான் இருக்கிறது. நிரந்தரப் பணியாளருக்கு ஐந்து வருடம் இருந்தால்தான் கைக்கு வரும் பணிக்கொடை அந்தத் தொகைக்குள்ளேயே அடக்கம். கம்பெனி கட்டும் பி.எஃப். பங்கும், மருத்துவக் காப்பீட்டு பிரீமியமும் அடக்கம். ‘வேரியபிள் பே’ என்று இன்னொரு வரி இருக்கும். கம்பெனிக்கு வரும்படி நன்றாக இருந்தால் அது வரும், இல்லாவிட்டால் குறையும். இவ்வளவும் போய், பையனின் பங்கு பி.எஃப்.பும் தொழில் வரியும் பிடித்தபின் வங்கிக் கணக்கில் ஏறுவது 22,000 அல்லது 23,000. சோழிங்கநல்லூரில் மூன்று பேர் தங்கும் பி.ஜி. அறைக்கு எட்டாயிரம், கல்விக் கடன் தவணை, பஸ், போன் என்று கழித்துப் பார்த்தால் வீட்டுக்கு அனுப்ப என்ன மிஞ்சும்?

பள்ளிபாளையத்தில் தறி ஓட்டும் ஒரு தகப்பனார், மகனின் முதல் சம்பளம் வந்த வாரம் என்னைத் தேடி வந்தார். “ஏனுங் சார், மாசம் இருபத்தெட்டுன்னுதானுங்க பையன் சொன்னான். இருபத்திரண்டுதான் ஏறியிருக்குது. மீதி எங்கீங்க போச்சு?” அட்டவணையை வரிவரியாகப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “செரி, அடுத்த வருசம் எவ்வளவுங்க ஏத்துவாங்க?” என்றார். கல்லூரியில் சேர்க்கும்போதே எல்லோரும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. பெரிய சேவை நிறுவனங்களில் வருடாந்திர ஹைக் பெரும்பாலும் பத்து சதவீதத்தைத் தாண்டுவதில்லை. அதனால்தான் இரண்டு வருடம் முடிந்ததும் பிள்ளைகள் கம்பெனி மாறத் துடிக்கிறார்கள். மாறலாம் என்றால் 90 நாள் நோட்டீஸ் குறுக்கே நிற்கும். சில இடங்களில் பயிற்சிக்கான பாண்டு பணமும் சேர்ந்துகொள்ளும்.

தொடக்கச் சம்பளம் நின்ற இடத்திலேயே நிற்பதுதான் இதில் பெரிய வேதனை. 2010-களின் தொடக்கத்தில் இந்த நிறுவனங்கள் புதியவர்களுக்குக் கொடுத்தது மூன்று, மூன்றேகால் லட்சம். இப்போதும் மூன்றரையைச் சுற்றித்தான் நிற்கிறது. 2012-ஐ 100 என்று வைத்துக் கணக்கிட்ட சில்லறை விலைக் குறியீட்டு எண் 2024-இல் 190-ஐத் தாண்டிவிட்டது. அன்று மூன்றேகால் லட்சத்தில் நடந்த குடும்பத்துக்கு இன்று ஆறு லட்சம் வேண்டும் என்று இதற்குப் பொருள். அண்ணன் வாங்கிய சம்பளத்தைத் தம்பியும் வாங்குகிறான். அதன் வாங்கும் சக்தி பாதிதான்.

ஏன் ஏறவில்லை? ஒரு வேலைக்குப் பத்துப் பேர் வரிசையில் நிற்கும்போது யாரும் கூலியை உயர்த்துவதில்லை. 2024-25 கல்வியாண்டு முதல் ஒரு பிரிவில் இத்தனை இடம்தான் என்ற உச்சவரம்பைத் தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. தளர்த்தியது. மெக்கானிக்கல், சிவில் வகுப்புகளைக் குறைத்து கம்ப்யூட்டர் சயின்ஸ், செயற்கை நுண்ணறிவு, டேட்டா சயின்ஸ் என்று கல்லூரிகள் இடங்களைப் பெருக்கிக்கொண்டன. ஆள் மலிவாகக் கிடைப்பது நிறுவனங்களுக்குத் தெரிகிறது. 2023 பிப்ரவரியில் விப்ரோ, ஆறரை லட்சத்துக்குத் தேர்வாகிக் காத்திருந்தவர்களிடம் மூன்றரை லட்சத்துக்குச் சேரச் சம்மதமா என்று கேட்டது. 2024 ஆகஸ்டில் காக்னிசன்ட் 2.52 லட்சத்துக்கு ஆள் எடுக்கும் அறிவிப்பு வந்து நாடு முழுக்கக் கேலிக்கு ஆளானது. அது பொறியியல் பட்டதாரிகளுக்கல்ல, மூன்றாண்டுப் பட்டம் படித்தவர்களுக்கு என்று நிறுவனம் விளக்கம் தந்தது. கலை, அறிவியல் கல்லூரிப் பிள்ளைகளின் வீட்டில் அரிசி மலிவாகக் கிடைக்கிறதா என்ன?

இப்போது செயற்கை நுண்ணறிவும் வந்து சேர்ந்திருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவரிடம் முதல் வருடம் கொடுப்பது சின்னச் சின்னப் பிழை திருத்தம், டெஸ்ட் எழுதுதல், பழைய நிரலுக்குக் குறிப்பு எழுதுதல். இவற்றில் பெரும்பகுதியை இன்று கருவிகளே செய்துவிடுகின்றன. அனுபவசாலிகளும் தப்பவில்லை. 2025 ஜூலையில் தன் ஊழியர்களில் இரண்டு சதவீதம், ஏறத்தாழ 12,000 பேரைக் குறைக்கப்போவதாக டி.சி.எஸ். அறிவித்தபோது, பாதிப்பு பெரிதும் நடு நிலை, மேல் நிலைகளில் இருக்கும் என்றே சொன்னது.

அப்படியானால் நிரல் எழுதும் தொழிலே படுத்துவிட்டதா? இல்லவே இல்லை. ஒரே வகுப்பிலிருந்து ஒருவர் மூன்றரைக்கும் இன்னொருவர் ஒன்பதுக்கும் போவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். சொந்தமாக மென்பொருள் செய்து விற்கும் நிறுவனங்களும், வெளிநாட்டு கம்பெனிகள் சென்னையில் வைத்திருக்கும் சொந்தத் தொழில்நுட்ப மையங்களும் நல்ல சம்பளம் தருகின்றன. ஆனால் பத்துப் பதினைந்து பேரைத்தான் எடுக்கும். அதையும் சலித்துத்தான் எடுக்கும். பட்டத்தைப் பார்த்து அல்ல. ஸோஹோ நிறுவனம் பிளஸ் டூ முடித்தவர்களையே தன் பள்ளியில் சேர்த்து, உதவித்தொகை கொடுத்துப் பழக்கி வேலைக்கு வைத்துக்கொள்கிறது.

சலிப்பது எப்படி என்று ஒரு நேர்காணலில் பார்த்தேன். திருச்செங்கோட்டுப் பெண். மாமா போர்வெல் ரிக் வண்டி வைத்திருக்கிறார். எந்த வண்டி எந்த மாநிலத்தில் நிற்கிறது, எத்தனை அடி போட்டது, டீசல் எவ்வளவு என்று ஆபீசுக்குத் தெரிய அந்தப் பெண் ஒரு செயலி எழுதியிருந்தாள். ஒரு மணி நேரம் அதையே தோண்டினார்கள். “காட்டுக்குள் சிக்னல் இருக்காதே, பதிவு எப்படி வந்து சேரும்?” போனிலேயே சேமித்துவைத்து, சிக்னல் கிடைத்ததும் அனுப்பும்படி செய்திருப்பதாகச் சொன்னாள். “பாதியில் சிக்னல் போய், திரும்ப அனுப்பினால் ஒரே பதிவு இரண்டு தடவை ஏறிவிடுமே?” ஒவ்வொரு பதிவுக்கும் போனிலேயே தனி எண் போட்டுவிடுவதாகவும், அந்த எண் ஏற்கெனவே வந்திருந்தால் சர்வர் ஒதுக்கிவிடும் என்றும் சொன்னாள். ஒருமுறை டீசல் கணக்கு இரட்டிப்பாக ஏறி மாமாவிடம் திட்டு வாங்கிய பிறகுதான் அதைச் சேர்த்தாளாம். அன்று மாலையே ஒன்பது லட்சத்துக்கு ஆஃபர் வந்தது. எந்தச் சிக்கலை எப்படித் தீர்ப்பது என்று யோசிக்கத் தெரிந்தவருக்குச் செயற்கை நுண்ணறிவுக் கருவி துணை. பாடத்தை மனப்பாடம் செய்து வந்தவருக்கு அதுவே போட்டி.

இந்த வேறுபாடு பெற்றோருக்குத் தெரிய வேண்டுமானால் ஒவ்வொரு கல்லூரியும் பிரிவுவாரியாக மூன்று எண்களை வெளியிட வேண்டும். முதலாவது, இடைநிலைச் சம்பளம். வேலை கிடைத்த நூறு பேரைச் சம்பள வரிசைப்படி நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்குவது அது. சராசரி உதவாது, ஒரே ஒரு நாற்பது லட்சம் சராசரியைத் தூக்கிவிடும். இரண்டாவது, மாதம் கைக்கு வரும் தொகை. மூன்றாவது, ஆஃபர் வாங்கியவர்களில் உண்மையில் வேலையில் சேர்ந்தவர் எத்தனை பேர் என்பது. 2022-இல் தேர்வானவர்களில் பலர் சேரும் தேதிக்காக இரண்டு வருடம் வரை காத்திருந்தார்கள். கல்லூரிக் கணக்கில் அவர்களும் ‘பிளேஸ்டு’தான்.

இதில் முதல் எண் புதிதல்ல. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள் இடைநிலைச் சம்பளத்தைக் கொடுக்க வேண்டும். கொடுத்ததைத் தங்கள் இணையதளத்திலும் போட வேண்டும். ஆனால் எல்லாப் பிரிவுகளும் அதில் ஒரே கூட்டாக இருக்கும். விண்ணப்பிக்காத கல்லூரியில் அதுவும் இருக்காது. இருக்கும் இடத்திலாவது பெற்றோர் தேடிப் பார்க்கட்டும். பேனரில் உள்ள எண்ணையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பாதி மயக்கம் தெளிந்துவிடும்.

“இதையெல்லாம் சொன்னால் அட்மிஷன் படுத்துவிடும் சார்” என்று சக அலுவலர்கள் சொல்கிறார்கள். நடுவில் நிற்கும் மாணவரின் சம்பளத்தைச் சொல்லக் கூச்சமாக இருந்தால், அதை உயர்த்த என்ன செய்யலாம் என்று கல்லூரி யோசிக்கட்டும். ஆய்வகத்தை மாலை ஆறு மணிக்குப் பூட்டாமல் இருப்பதில் தொடங்கலாம்.

தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், எந்த இனத்தவருக்கு எவ்வளவு கட்-ஆஃப் என்பதை அரை மதிப்பெண் சுத்தமாக எடுத்துப் பார்க்க முடிகிறது. உள்ளே போவதற்கு இவ்வளவு துல்லியமான கணக்கு இருக்கும்போது, வெளியே வருகிறவர் என்ன வாங்குகிறார் என்பதற்கு மட்டும் பேனரை நம்பச் சொல்வது நியாயமில்லை. அடுத்த கலந்தாய்வுக்குள் அந்த மூன்று எண்களையும் கட்-ஆஃப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே போட உயர்கல்வித் துறை உத்தரவிட வேண்டும். எண்கள் எங்கள் மேஜைகளில் தயாராகவே இருக்கின்றன.