எச்சரிக்கை நமக்கு, பொருள் அவர்களுக்கு

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேலாக மழை கொட்டிற்று. நெல்லித்தோப்பில் சக்கரம் பாதி முழுகும் அளவு நீரில் இரண்டு நாள் நின்ற நமது கார், வெள்ளம் வடிந்தபின் ஒன்றும் நடவாதது போல ஓடியது. மூன்று வாரம் கழிந்து ஒரு காலையில், கல்லூரிக்குப் புறப்படும் அவசரத்தில், வேகமானிக்குப் பக்கத்தில் மஞ்சள் வட்டமொன்றும் அதனுள் ஏ.பி.எஸ். என்னும் மூன்றெழுத்தும் எரியத் தொடங்கின. எரிந்தவை அணையவில்லை.

இலக்கியம் பேச வந்த இடத்தில் பிரேக் விளக்கைப் பற்றி என்ன பேச்சு என்று சில நண்பர்கள் புருவம் உயர்த்தக்கூடும். ஒரு குறியைப் படிக்கும் உரிமை யாருக்கு என்பதே நமது கேள்வி. அது நம்மவர்க்கு அந்நியமான கேள்வியன்று.

அந்த மஞ்சள் விளக்கு எரிந்தால் பிரேக் போயிற்று என்று பொருளில்லை. மிதித்தால் வண்டி நிற்கும். ஈரச்சாலையில் திடீரென அழுத்தி மிதிக்கையில் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி வழுக்கிச் செல்லாதபடி, பிரேக்கின் அழுத்தத்தை நொடிக்குப் பலமுறை தளர்த்தி இறுக்கும் ஏற்பாடுதான் விடுப்பில் போயிருக்கும். (சிவப்பு பிரேக் விளக்கும் கூடவே எரிந்தால் கதை வேறு; அப்போது வண்டியை ஓரங்கட்டுவதே அறிவு.) 1978இல் பாஷ் நிறுவனம் மின்னணு வடிவில் ஆக்கி மெர்சிடஸ் பென்ஸ் காரில் பொருத்திய இந்த ஏற்பாட்டை, இந்திய அரசு 2018 ஏப்ரல் முதல் புதிய மாடல் கார்களுக்கும், 2019 ஏப்ரல் முதல் விற்பனையில் இருந்த மற்ற மாடல்களுக்கும் கட்டாயமாக்கியது. நல்ல சட்டம், அதில் நமக்கு மாறுபாடில்லை.

முதலில் நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற பணிமனை ஒன்றுக்குப் போனோம். கணினியைச் செருகிப் பார்த்துவிட்டு, வெள்ளத்தில் நின்ற வண்டி, ஏ.பி.எஸ். யூனிட்டையே மாற்ற வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார்கள். நமது இரண்டு மாதச் சேமிப்பு அதில் போய்விடும். கணினி காட்டிய பிழை எண் என்ன என்று கேட்டோம். "அதெல்லாம் உங்களுக்குப் புரியாது சார்" என்பதே விடை. கால் நூற்றாண்டாகப் பிறர்க்குப் புரியாததை விளக்கியே சோறு உண்பவரிடம் இப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்.

அடுத்து, நண்பர் காட்டிய ஒரு கடை. அங்கே ஐந்து நிமிடத்தில் விளக்கை அணைத்துத் தந்தார்கள். பிழையைத் தீர்க்காமல் அதன் பதிவை மட்டும் அழித்திருந்தார்கள். வண்டி சற்று வேகமெடுத்ததும் கணினி மீண்டும் சக்கரங்களைச் சோதித்தது. மஞ்சள் வட்டமும் மீண்டும் வந்தது. பிழை திருத்துகிறேன் என்று ஓலையில் சொல்லையே சுரண்டிவிட்ட ஏடெழுதியை நினைத்துக்கொண்டோம்.

மூன்றாவதாகத்தான் நெல்லித்தோப்பு மாதா கோயிலுக்குச் சற்றுத் தள்ளி உள்ள ஒரு மெக்கானிக் ஷெட்டுக்குப் போனோம். வீட்டுக்கருகில் இருப்பதைக் கடைசியில் தேடுவது நமது பழைய வழக்கம். அந்தத் தம்பி ஸ்கேனரைச் செருகி எண்ணைப் படித்தார்: சி 0035. இடது முன்சக்கர வேக சென்சாரின் சுற்று. "இதை வச்சு சென்சார் போச்சுன்னு சொல்லக் கூடாது சார். அங்கேருந்து சேதி வரலைன்னுதான் அர்த்தம். ஏன் வரலைன்னு நாமதான் பாக்கணும்" என்றார். உரையாசிரியர் எவரும் இதை இன்னும் தெளிவாகச் சொல்லிவிட முடியாது.

நம்மை மெதுவாக ஓட்டச் சொல்லித் திரையில் நான்கு சக்கரங்களின் வேகத்தையும் பார்த்துவந்தார். மூன்று சக்கரங்கள் 20 என்றன. இடது முன்சக்கரம் 20 என்று காட்டிச் சுழியத்துக்கு விழுந்து மறுபடி எழுந்தது. ஷெட்டுக்குத் திரும்பிச் சக்கரத்தைக் கழற்றினார். சென்சாரின் முனையில் ஒட்டியிருந்த இரும்புத்தூளைத் துடைத்தார். ஸ்டியரிங்கை இருபுறமும் திருப்பி ஒயரை அசைத்துப் பார்த்தார். கடைசியில் கப்ளரைப் பிரித்தபோது உள்ளே பச்சைக் களிம்பு பூத்திருந்தது. வெள்ளநீர் புகுந்து, பின் உப்புக்காற்றில் ஊறிய செம்பு முள். முள்ளை மாற்றி, கப்ளரைச் சுத்தம் செய்து மூட, 700 ரூபாய். விளக்கு அணைந்தது, பிறகு வரவில்லை.

இந்த எண்களைப் படிக்க எல்லா மெக்கானிக்குக்கும் முடியாதது ஏன்? சில நூறு ரூபாய்க்கு விற்கும் படிப்பான்கள் பெரும்பாலும் எஞ்சினின் பிழைகளை மட்டுமே காட்டுகின்றன. புகை தொடர்பான பிழைகள் பொதுவான முறையில் படிக்கக்கூடியவையாக இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்டது. கேட்டதால் அந்த அகராதி திறந்திருக்கிறது. பிரேக்கின் அகராதியோ பெரும்பகுதி அந்தந்த நிறுவனத்தின் பெட்டிக்குள். ஏ.பி.எஸ்.ஸைக் கட்டாயமாக்கிய சட்டம் அதைப் படிக்கும் சாவியையும் கேட்டிருக்க வேண்டாமா?

இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்த தீர்ப்பு இதைத்தான் தொட்டது. உதிரிபாகங்களும் பிழையறியும் கருவிகளும் வெளி மெக்கானிக்குகளுக்கும் கிடைக்க வேண்டும். வெளியில் பழுது பார்த்தார் என்பதற்காக மட்டும் வாரண்டியை ரத்துசெய்யக் கூடாது என்றது. வழக்கு மேல்முறையீடுகளில் நீண்டது. 2022 டிசம்பர் 24 அன்று ஒன்றிய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணைய வாசல் திறந்து, வாகனத் துறையையும் அதில் சேர்த்தது. நிறுவனங்கள் தாமாக முன்வந்து தகவல் தரும் ஏற்பாடு அது. விரும்பியவர் தரலாம் என்பதை உரிமை என்றழைப்பது நமக்கு விளங்கவில்லை.

பிரேக் உயிர்காக்கும் உறுப்பு, பயிற்சியற்ற கைகளில் விடலாமா என்பார்கள். நியாயமான அச்சம்தான். பயிற்சியைக் கட்டாயமாக்கட்டும், தவறாகப் பழுது பார்த்தவரைப் பொறுப்பாக்கட்டும். கருவியைப் பூட்டிவைப்பதால் என்ன நேரும் என்பதை மேலே சொன்ன இரண்டாவது கடையில் பார்த்தோம். படிக்க முடியாதவர் அழிக்கிறார். படிக்கத் தெரிந்தவரும் சொல்லாதபோது, நாம் கேட்ட தொகையைக் கொடுக்கிறோம், அல்லது விளக்கை எரியவிட்டே மழையில் ஓட்டுகிறோம்.

சென்ற மாதம் எதிர்வீட்டு ஆசிரியை தம் புதிய காரை அதே தம்பியிடம் கொண்டுபோனார். அதே மஞ்சள் வட்டம். தம்பி ஸ்கேனரைச் செருகினார். வண்டி அனுமதி இல்லை என்றது. கருவியை ஆண்டுக் கட்டணம் கட்டிப் புதுப்பித்திருந்தும் அந்த மாடலைத் திறக்கவில்லை. அவர் காசு வாங்கவில்லை. "நீங்க கம்பெனிக்கே போயிடுங்கம்மா. ஆனா கோடு என்னன்னு எழுதி வாங்கிட்டு வாங்க" என்று ஒரு துண்டுச்சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பினார். சீட்டு இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.