லம்பார்டு வீதியும் சீனத்துக் கிச்சிலியும்

‘சீனத்துக் கிச்சிலிக்கு எதிராக லம்பார்டு வீதி முழுவதும்’ என்பது ஆங்கிலேயரிடை முன்னாளில் பெருக வழங்கி இந்நாளில் அருகிவிட்ட ஒரு தொடர். பழைய ஆங்கில நூல்களைப் பயிலும் நம் மாணவர் இதனைக் கண்டவிடத்து, ‘சிறிதும் ஐயமின்றி நடக்கும்’ என ஓரத்தில் குறித்துக்கொண்டு மேற்செல்கின்றனர். அவ்வுரை பொருந்தாதென்பதே எம் கருத்து. இத்தொடர் உறுதி கூறவில்லை, பந்தயம் கூறுகின்றது.

லம்பார்டு வீதி லண்டன் மாநகரின் வணிகப் பகுதியிலுள்ளது. வட இத்தாலியினின்று போந்து பணம் கடன் கொடுத்துவந்த லம்பார்டியர் இடைக்காலத்தில் அங்குக் குடியேறினமையின் அப்பெயர் பெற்றது. பின்னர்ப் பொற்கொல்லரும், அவர்க்குப்பின் பாங்கிகளும் மலிந்த தெருவாயிற்று. எட்வர்டு லாயிடு என்பார், கப்பல் இன்ஷூரன்ஸ் செய்வோர் கூடிய தம் காப்பிக்கடையை 1691-இல் அங்கு மாற்றினார். அக்காலத்து ஆங்கிலேயர்க்குப் பந்தயத்திலிருந்த வேட்கை சொல்லுந்தரமன்று. பிறருடைய உயிரின்மீதும் பணம் வைத்தாடினர். அதனைத் தடுக்க 1774-இல் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்ய நேர்ந்தது. இத்தகைய தொடர்கள் அவர் நாவில் தோன்றியது வியப்பன்று.

சீனத்துக் கிச்சிலி என்பது இனிப்புக் கிச்சிலியே. போர்ச்சுகீசியரின் கடல் வாணிகத்தால் ஐரோப்பாவிற் பரவிய அதனை, டச்சுக்காரர் இன்றும் ‘சீன ஆப்பிள்’ என்னும் பொருள்படும் பெயராலேயே அழைக்கின்றனர். (‘ஆரஞ்சு’ என்ற சொல்லின் வேர் நம் நாரத்தையோடு உறவுடையதென மொழிநூலார் பலர் கருதுவதும் ஈண்டு நினைக்கத்தகும்.) லண்டன் நாடகசாலைகளில் பெண்கள் கூடையிலேந்தி விற்ற பழம் அது. ஒரு தட்டில் தெரு நிறைந்த பொன். மறு தட்டில் ஒரு பழம். 1761-இல் ஆர்தர் மர்பி இயற்றிய நாடகமொன்றில் பழத்திற்குப் பதிலாக முட்டையோடு வருகின்றது. சிறு பொருள் மாறினும் லம்பார்டு வீதி மாறவில்லை.

இவ்வாறு பந்தயம் வைப்பவன் யாது கூறுகின்றான்? ‘யான் பிழைபட இடமுண்டு, அது மிகச் சிறிது, பிழைபடின் பேரிழப்பு என்னுடையது’ என்கின்றான். ‘ஐயமே இல்லை’ என்பவனோ எதனையும் பணயம் வைப்பதில்லை. இவ்விருவருள் முன்னவனையே யாம் நம்புவோம்.

அச்சிறிய இடம் வெறுங்கற்பனையுமன்று. அதே லம்பார்டு வீதியில், அசைவற்றதென யாவரும் எண்ணியிருந்த ஓவரெண்டு கர்னி கம்பெனி 1866-ஆம் ஆண்டு மே மாதம் 10-ஆம் நாள் கதவடைத்தது. அதன் கடன் சுமார் 1 கோடியே 10 லட்சம் பவுன். மறுநாள் பணம் மீட்கத் திரண்ட மக்களால் அவ்வீதி நிறைந்தது. அம்முறிவின் நினைவு மாறாத 1873-இல், வால்டர் பேஜட் ஆங்கிலப் பணச்சந்தையைப் பற்றித் தாம் எழுதிய நூலுக்கு ‘லம்பார்டு வீதி’ என்றே பெயரிட்டார்.

ஆதலின் மாணவர் இத்தொடர்க்கு ‘ஏறக்குறைய நிச்சயம்’ என உரை வரைவாராக. ‘ஏறக்குறைய’ என்னும் சொல்லை அடித்துத் திருத்தும் ஆசிரியர் எவரேனும் உளராயின், அவரோடு வாதிட யாம் ஆயத்தமாயுள்ளோம்.